பின்னால் வந்த வளையம், முன்னால் மறைந்த வட்டம்

வெள்ளைத் திரையில் ஒரு கறுப்பு வட்டம் தோன்றி மறைகிறது. உள்ளே முழுக்கக் கறுப்பு நிரப்பிய வட்டம். திரையில் அது இருப்பது சுமார் 30 மில்லிசெகண்ட்தான். ஆனாலும் அதைப் பார்ப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் "கறுப்பா ஒரு வட்டம்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். வட்டம் போன பிறகு, கொஞ்சம் இடைவெளி விட்டு, அது இருந்த இடத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் வருகிறது. வளையத்தின் உள்விளிம்பு, வட்டத்தின் வெளிவிளிம்பு இருந்த கோட்டில் சரியாகப் பொருந்துகிறது. வட்டம் இருந்த பரப்பின் மேல் வளையம் படுவதே இல்லை. இப்போது அதே கேள்வியைக் கேட்டால் பலரும் வளையத்தை மட்டும்தான் சொல்வார்கள். நடுவில் வெறும் வெள்ளை என்பார்கள்.

வளையம் பின்னால் வந்தது என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம். வட்டம் கண்ணில் விழுந்து, விழித்திரை அதற்குச் சைகை அனுப்பி, அந்தச் சைகை மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது வளையம் இன்னும் திரைக்கே வந்திருக்கவில்லை. வட்டத்தைப் பார்ப்பது என்ற வேலை அதற்குள் முடிந்திருந்தால், பிறகு வருகிற எதுவும் அதைக் கலைக்க முடியாது. கலைக்கிறது என்றால் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். நாம் "பார்த்தேன்" என்று சொல்கிற அந்தச் சம்பவம், கண் முன்னால் பொருள் இருக்கும் நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை. பொருள் போன பிறகும் நடந்துகொண்டே இருக்கிறது. அந்த நீட்சிக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டால் முதல் பொருள் நம் பிரக்ஞைக்கு வந்து சேர்வதில்லை. இதைத்தான் ஆய்வாளர்கள் காட்சி மறைப்பு, அதாவது விஷுவல் மாஸ்கிங் என்கிறார்கள்.

விஷயம் புதிதல்ல. 1868-லேயே சிக்மண்ட் எக்ஸ்னர் இப்படி ஒன்றையடுத்து ஒன்றாக வரும் ஒளிகளை வைத்துச் சோதனை செய்திருக்கிறார். ஒன்றின் மேல் ஒன்று படாமல் பக்கத்தில் நின்றே மறைக்கிற வகைக்கு மெட்டாகான்ட்ராஸ்ட் என்ற பெயரை 1910-ல் ராபர்ட் ஸ்டிக்லர் வைத்தார். நான் மேலே சொன்ன வட்டமும் வளையமும் 1935-ல் ஹெயின்ஸ் வெர்னர் செய்து பார்த்தவை. அப்போது கம்ப்யூட்டர் திரை ஏது? ஷட்டரும் கண்ணாடியும் விளக்கும் வைத்து நொடியின் சிறு பங்கு மட்டும் படத்தைக் காட்டும் டாகிஸ்டாஸ்கோப் என்ற கருவிகள்தான் நெடுங்காலம் இந்தத் துறையைச் சுமந்தன.

வட்டத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் விடும் இடைவெளியை மாற்றிக்கொண்டே போனால் இன்னொரு விசித்திரம் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் தெரிகின்றன. ஒரு பெரிய கறுப்பு வட்டமாகச் சேர்ந்து தெரியலாம், ஆனால் நடுப்பகுதி காணாமல் போவதில்லை. வளையம் 200 மில்லிசெகண்ட் தாமதித்து வந்தாலும் பிரச்சினை இல்லை, முதலில் வட்டம், அப்புறம் வளையம் என்று தனித்தனியாகத் தெரியும். நடுவில்தான், சுமார் 40 முதல் 100 மில்லிசெகண்டுக்குள், வட்டம் தொலைகிறது. தாமதத்தை ஒரு அச்சிலும் தெளிவை இன்னொரு அச்சிலும் குறித்தால் கோடு மேலிருந்து இறங்கி மறுபடி மேலேறும். வளையத்தின் ஒளியும் வட்டத்தின் ஒளியும் கண்ணில் கலந்து குழம்புவதால்தான் மறைகிறது என்றால், ஒரே நேரத்தில் வரும்போதுதான் மறைப்பு உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஆகவே இது கண்ணில் நடக்கும் கலப்பு அல்ல. நேரம் சம்பந்தப்பட்டது, மூளை சம்பந்தப்பட்டது.

இதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியாமல் வீட்டு மடிக்கணினியில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன். ப்ரோகிராம் எழுதுவது என் தொழில் என்பதால் அது கஷ்டமாக இல்லை. முதலில் தங்கையை உட்கார வைத்தேன். "அண்ணா, வளையம்தான் வருது, நீ சொல்ற வட்டத்தக் காணோமே" என்றாள். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கும் வளையம் மட்டும்தான். ஆனால் அவர் முகம் கொஞ்சம் மாறியது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பதால், தன் கண்ணில்தான் ஏதோ குறை என்று நினைத்துவிட்டார். "நடுவுல ஏதாவது இருக்காப்பா? எனக்குத் தெரியலையே" என்றார். உடனே வளையத்தை எடுத்துவிட்டு வட்டத்தை மட்டும் அதே நேர அளவுக்குக் காட்டினேன். "இப்ப பளிச்சுன்னு தெரியுதே" என்றார். வட்டத்தில் எதையும் மாற்றவில்லை, அதற்குப் பின்னால் வருவதைத்தான் எடுத்தேன் என்று விளக்கியபோது அவர் நம்பவில்லை. ஏதோ தந்திரம் செய்கிறேன் என்று நினைத்து, வளையத்தைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். வட்டம் மறுபடி போய்விட்டது.

அப்பாவின் சந்தேகம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. தெரியாதது இல்லாதது என்றுதான் நாம் எல்லோரும் வாழ்கிறோம். மறைப்புச் சோதனைகளின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. பிரக்ஞையை ஆராய வேண்டுமானால், ஒரே பொருள் ஒருமுறை உணரப்பட்டும் இன்னொருமுறை உணரப்படாமலும் போகும் நிலை வேண்டும். கண்ணில் விழுவது ஒன்றாகவே இருக்க, அனுபவம் மட்டும் மாற வேண்டும். அப்போதுதான் இரண்டு நிலைகளையும் ஒப்பிட்டு, "பார்த்தேன்" என்ற அனுபவத்துக்கு மூளையில் கூடுதலாக நடப்பது எது என்று கேட்க முடியும். மறைப்பு அதைச் சில மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் செய்து தருகிறது.

சரி, மறைந்த வட்டம் என்ன ஆனது? வழியிலேயே அழிந்துவிட்டதா? 1962-ல் எலிசபெத் ஃபெரரும் டேவிட் ராபும் செய்த சோதனை இதற்கு அழகான பதில். நடுவில் ஒரு சதுரம் மின்னும், பிறகு அதன் இரு பக்கமும் இரண்டு சதுரங்கள் மின்னி அதை மறைக்கும். எதையாவது கண்டதும் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. நடுச் சதுரம் உண்மையிலேயே மூளைக்குப் போகவில்லை என்றால், பக்கத்துச் சதுரங்கள் வரும்வரை கை காத்திருக்க வேண்டும். பட்டன் அழுத்தும் நேரம் அந்த அளவுக்குத் தள்ளிப்போக வேண்டும். ஆனால் தள்ளிப்போகவில்லை. நடுச் சதுரம் நன்றாகத் தெரியும்போது எவ்வளவு வேகமாக அழுத்தினார்களோ, அது மறைந்துபோன போதும் அவ்வளவு வேகமாகவே அழுத்தினார்கள். அவர்கள் பார்க்காத ஒன்றுக்கு அவர்கள் கை பதில் சொல்லியிருந்தது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். கருவி எளிமை, கேள்வி எளிமை, மறுக்க இடமே தராத முடிவு. இதையே இன்னும் கூர்மையாக்கி 2003-ல் டிர்க் ஃபோர்பெர்க் குழுவினர் ஜெர்மனியில் ஒன்று செய்தார்கள். இடமோ வலமோ காட்டும் ஒரு சின்ன அம்பு முதலில் வரும், பிறகு அதைச் சுற்றி அமையும்படி ஒரு பெரிய அம்பு வந்து அதை மறைக்கும். பெரிய அம்பின் திசைக்கு ஏற்ப பட்டன் அழுத்த வேண்டும். மறைந்த சின்ன அம்பும் அதே திசை காட்டியிருந்தால் கை வேகமாகிறது, எதிர்த் திசையானால் தடுமாறித் தாமதிக்கிறது. இரண்டு அம்புகளுக்கும் இடையிலுள்ள நேரம் கூடக் கூட இந்தத் தாக்கம் சீராக ஏறிக்கொண்டே போகிறது. அதே நேரத்தில் சின்ன அம்பு கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா, இறங்கி ஏறுகிறதா என்பது அதை எப்படி மறைத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. தெரிவது ஒரு கோட்டில் போகிறது, கை வேகமாவது வேறொரு கோட்டில் போகிறது. இரண்டும் ஒரே வேலையின் கூடுதல் குறைவு அளவுகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இந்த ஆய்வுகளைப் பற்றிப் பேசினாலே யாராவது ஒருவர், தியேட்டரில் படத்துக்கு நடுவே விளம்பர வாசகத்தை மின்ன வைத்து பாப்கார்ன் விற்பனையைக் கூட்டிய கதையைச் சொல்வார். 1957-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் விகாரி என்ற விளம்பரக்காரர் சொன்ன கதை அது. அந்த ஆய்வுக்கு உருப்படியான தரவு எதுவும் இல்லை என்பதைச் சில ஆண்டுகளில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கதை சாகவில்லை. உண்மையான சோதனைகளில் தெரியும் தாக்கம் சிறியது, அதன் ஆயுளும் குறைவு. 1996-ல் ஆந்தனி கிரீன்வால்ட் குழு அளந்தபோது, மறைக்கப்பட்ட சொல்லின் தாக்கம் சுமார் 100 மில்லிசெகண்டுக்குள் கரைந்துபோனது. அடுத்த நாள் கடைக்குப் போய் எதையாவது வாங்க வைக்கும் சக்தி அதற்கு இல்லை.

துறைக்குள்ளேயும் சண்டை நடந்தது. 1983-ல் ஆந்தனி மார்செல், மறைக்கப்பட்ட சொற்களின் அர்த்தம்கூட மூளைக்குள் போய்விடுகிறது என்று சோதனைகள் காட்டினார். 1986-ல் டேனியல் ஹோலண்டர் அத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் எடுத்து அலசி, பங்கேற்றவர்கள் உண்மையிலேயே அந்தச் சொற்களைப் பார்க்கவில்லை என்பது எங்கே நிரூபணம் என்று கேட்டார். அது கடுமையான விமர்சனம், தேவையான விமர்சனமும்கூட. அதன் பிறகு வந்தவர்கள் மறைப்பு உண்மையில் வேலை செய்ததா என்பதைத் தனியாகச் சோதித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அப்படிச் செய்யப்பட்ட ஒன்று 1998-ல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் செய்த எண் சோதனை. திரையில் தெரியும் எண் 5-ஐ விடப் பெரிதா சிறிதா என்று இரு கைகளில் ஒன்றால் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் 43 மில்லிசெகண்ட் நேரம் இன்னொரு எண் வந்து, முன்னும் பின்னும் தாறுமாறான எழுத்துகளால் மறைக்கப்படும். மறைந்த எண்ணும் அதே பக்கம் இருந்தால் பதில் வேகமாக வந்தது. மூளையைப் படம்பிடித்தபோது, மறைந்த எண் எந்தக் கையைச் சேர்ந்ததோ அந்தக் கைக்குரிய இயக்கப் பகுதி தயாராகத் தொடங்கியிருந்ததும் தெரிந்தது. எண்ணை இலக்கமாகக் காட்டினாலும் சொல்லாக எழுதிக் காட்டினாலும் இது நடந்தது. எதையும் பார்க்கவில்லை என்று சொல்பவரின் மூளை, 5-ஐ விடப் பெரிதா என்ற கணக்கைப் போட்டு, விடையைக் கைவரை அனுப்பியிருக்கிறது.

இப்போது மூளைக்குள் போவோம். கண்ணில் விழுந்த படம் தலையின் பின்புறத்தில் இருக்கும் முதல் பார்வைப் பகுதிக்குப் போய், அங்கிருந்து படிப்படியாக மேல் பகுதிகளுக்குப் பரவுகிறது. விளிம்பு, வடிவம், முகம், சொல் என்று ஒவ்வொரு படியிலும் சிக்கல் கூடுகிறது. இந்த முதல் ஓட்டம் மிக வேகமானது. குரங்குகளின் மூளையில், பொட்டுப் பக்கத்துப் பகுதியில், முகத்தைக் கண்டால் மட்டும் துடிக்கும் நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள் உண்டு. எட்மண்ட் ரோல்ஸும் மார்ட்டின் டோவேயும் 1994-ல் அவற்றில் பதிவு செய்து பார்த்தார்கள். முகத்தை 16 மில்லிசெகண்ட் மட்டும் காட்டி மறைக்காமல் விட்டால், அந்த நியூரான் 200 முதல் 300 மில்லிசெகண்ட் வரை துடித்துக்கொண்டே இருந்தது. படம் போய் எவ்வளவோ நேரமான பிறகும் துடிப்பு நிற்கவில்லை. படத்தையடுத்து உடனே மறைப்புப் படத்தைப் போட்டால் துடிப்பு சுமார் 30 மில்லிசெகண்டில் வெட்டுப்பட்டது.

மறைப்பு முதல் ஓட்டத்தைத் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நியூரான் துடித்தது. முகம் அங்கே போய்ச் சேர்ந்தது. வெட்டுப்பட்டது அதற்குப் பிறகு நடந்திருக்க வேண்டிய நீண்ட துடிப்பு. ஆம்ஸ்டர்டாமில் விக்டர் லாம்மே இதையே முதல் பார்வைப் பகுதியில் பார்த்தார். பின்னணியிலிருந்து ஒரு உருவம் தனியாகப் பிரிந்து தெரியும்போது, அங்குள்ள நியூரான்களில் முதலில் ஒரு துடிப்பும், சற்றுத் தாமதமாக இன்னொரு கூடுதல் துடிப்பும் வரும். தாமதமாக வருவது மேல் பகுதிகள் கீழே திருப்பி அனுப்பும் செய்தியின் விளைவு என்பது அவர் விளக்கம். மறைப்புப் படம் போட்டால் முதல் துடிப்பு அப்படியே இருக்கிறது, தாமதத் துடிப்பு மட்டும் காணாமல் போகிறது. ஆகவே கீழிருந்து மேலே போவது மட்டும் பார்வை ஆகாது, மேலிருந்து கீழே திரும்ப வருவதும் சேர்ந்தால்தான் நாம் பார்க்கிறோம் என்பது லாம்மேயின் வாதம்.

டெஹேன் தரப்பின் பதில் வேறு. 2001-ல் அவர்கள் 29 மில்லிசெகண்ட் நேரம் சொற்களைக் காட்டினார்கள். மறைக்கப்பட்ட சொல்லும் வாசிப்புக்குரிய பகுதியைத் தொடுகிறது, ஆனால் மிகப் பலவீனமாக. தெளிவாகத் தெரியும் சொல்லோ அங்கே பலமடங்கு பெரிதாகி, உச்சி, நெற்றிப் பகுதிகள் வரை பரவுகிறது. 2007-ல் அந்துவான் டெல் குல் என்பவரோடு சேர்ந்து செய்த சோதனையில் ஒரு எண்ணை 16 மில்லிசெகண்ட் காட்டி, அதைச் சுற்றி எழுத்துகளைப் போட்டு, நடு இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். மூளையின் ஆரம்ப மின்னலைகள் இடைவெளிக்கு ஏற்பப் படிப்படியாகக் கூடின. ஆனால் 270 மில்லிசெகண்டுக்குப் பிறகு வரும் பரந்த அலை அப்படி நடந்துகொள்ளவில்லை. இடைவெளி ஒரு வரம்பைத் தாண்டும்வரை பெரிதாக ஒன்றும் இல்லை, தாண்டியதும் சட்டென்று எழுந்தது. "பார்த்தேன்" என்ற பதிலும் அதே இடத்தில்தான் எழுந்தது. அந்த வரம்பைத் தாண்டித் தகவல் மூளை முழுவதற்கும் பொதுவாகும்போதுதான் பிரக்ஞை வருகிறது என்பது அவர்கள் கொள்கை.

முன் மூளை தேவையா, பின்னாலேயே வேலை முடிகிறதா என்று இந்தச் சண்டை இன்னும் நடக்கிறது. நான் லாம்மே பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். காரணம், "பார்த்தேன்" என்று சொல்லச் சொல்லும் எந்தச் சோதனையிலும், பார்த்ததோடு சொல்வதற்கான வேலையும் கலந்துவிடுகிறது. நெற்றிப் பகுதியில் எழும் அலை பார்வையினுடையதா, பதில் சொல்லத் தயாராவதனுடையதா என்று பிரிப்பது கடினம். ஆனால் மறுபக்கத்துக்கும் பலமான ஒரு சான்று உண்டு. 2006-ல் ஹக்வான் லாவும் ரிச்சர்ட் பாசிங்கமும் மெட்டாகான்ட்ராஸ்டின் இறங்கி ஏறும் கோட்டைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தினார்கள். கோட்டின் இரு பக்கத்திலும் ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் சதுரமா டைமண்டா என்று சரியாகச் சொல்லும் திறன் ஒன்றுதான். ஆனால் ஒரு இடத்தில் "பார்த்தேன்" என்று சொன்னவர்கள் அதிகம், இன்னொரு இடத்தில் "சும்மா ஊகித்தேன்" என்றவர்கள் அதிகம். இந்த வித்தியாசத்தோடு சேர்ந்து மாறியது நெற்றிப் பகுதியின் ஒரு இடம்தான். சரியாகச் சொல்வதும் பார்த்ததாக உணர்வதும் வேறு வேறு என்பதை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டியதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

இதுவரை சொன்ன மறைப்புகளில் பின்னால் வரும் படம் பலமானது, விளிம்போடு விளிம்பு உரசுவது அல்லது அதே இடத்தின் மேலேயே படுவது. வின்சென்ட் டி லொல்லோவும் ஜேம்ஸ் என்ஸும் 1997-ல் காட்டிய வகை இந்தக் கணக்கையே மாற்றியது. மறைப்பதற்கு அவர்கள் வைத்தது வெறும் நான்கு புள்ளிகள். பொருளைச் சுற்றி நான்கு மூலைகளில், சற்றுத் தள்ளி. புள்ளிகள் பின்னால் வரவேண்டிய அவசியம்கூட இல்லை. பொருளும் புள்ளிகளும் ஒன்றாகவே தோன்றுகின்றன. பொருள் போய்விடுகிறது, புள்ளிகள் மட்டும் கொஞ்ச நேரம் தங்குகின்றன. அவ்வளவுதான், பொருள் மறைந்துவிடுகிறது! இரண்டும் ஒன்றாகப் போனால் மறைப்பு இல்லை.

இதற்கு இன்னொரு நிபந்தனை உண்டு. பார்ப்பவரின் கவனம் முன்கூட்டியே அந்த இடத்தில் இருந்தால் மறைப்பு பலிக்காது. ஏதாவது ஒரு பக்கத்தில் சிறு திறப்புள்ள வளையங்கள் பல திரையில் சிதறிக் கிடக்க, எதைச் சுற்றிப் புள்ளிகள் இருக்கின்றனவோ அதன் திறப்பு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். ஒரே வளையம் இருந்தால் எளிது. பத்துப் பன்னிரண்டு இருந்தால், கவனம் அந்த இடத்துக்குப் போய்ச் சேருமுன் வளையம் போய்விடுகிறது, புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன. 2000-ல் ரொனால்ட் ரென்சிங்கோடு சேர்ந்து அவர்கள் தந்த விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. முதல் ஓட்டத்தில் மேல் பகுதிகளுக்குக் கிடைப்பது ஒரு ஊகம் மட்டுமே. இது வளையமாக இருக்கலாம், திறப்பு இடப்பக்கமாக இருக்கலாம் என்ற ஊகம். அதைச் சரிபார்க்கக் கீழ்ப் பகுதிக்குச் செய்தி திரும்ப வருகிறது. கடிதத்துக்குப் பதில் எழுதி அனுப்பி, அது வந்து சேர்வதற்குள் வீட்டில் வேறு ஆட்கள் குடிவந்துவிட்ட மாதிரி, கீழே வளையம் இல்லை, நான்கு புள்ளிகள்தான் இருக்கின்றன. ஊகம் பொருந்தவில்லை. மூளை பழையதை விட்டுவிட்டு, "இங்கே இருப்பது நான்கு புள்ளிகள்" என்ற புதிய ஊகத்தோடு முதலிலிருந்து தொடங்குகிறது. நமக்குத் தெரிவது அந்தப் புதிய ஊகம். கவனம் முன்பே அங்கே இருந்தால் சரிபார்ப்பு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதனால்தான் வளையம் தப்பிக்கிறது. ஒரு பொருள் நம் பிரக்ஞைக்கு வருவது, அது போதிய நேரம் அங்கே இருந்ததாலோ பெரிதாக இருந்ததாலோ அல்ல, அதன் சரிபார்ப்பு குறுக்கீடின்றி முடிந்ததால் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

ஆய்வகத்துக்கு வெளியே இப்படியெல்லாம் யார் வட்டமும் வளையமும் காட்டப்போகிறார்கள் என்று தோன்றலாம். நம் கண்ணே அதைச் செய்கிறது. ஒரு நொடிக்குச் சுமார் மூன்று முறை கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் உலகம் முழுவதும் விழித்திரையில் இழுபட்டு மங்கலாக ஓடுகிறது. அந்த மங்கலை நாம் பார்ப்பதில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள், கண் அசைவது தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். ஏன்? 1978-ல் ஃபெர்கஸ் கேம்ப்பெலும் ராபர்ட் வுர்ட்ஸும், கண் தாவும் அந்தச் சில பத்து மில்லிசெகண்டுகளில் மட்டும் அறையில் வெளிச்சம் இருக்கும்படி செய்தார்கள். மங்கலான, இழுபட்ட அறை நன்றாகத் தெரிந்தது. தாவல் முடிந்த பிறகும் வெளிச்சத்தைச் சற்று நீட்டினால் மங்கல் மறைந்து தெளிவான அறை மட்டும் தெரிந்தது. தாவலுக்கு முன்னும் பின்னும் வரும் தெளிவான காட்சிகள் நடுவிலுள்ள மங்கலை மறைத்துவிடுகின்றன. தாவும் நேரத்தில் மூளை பார்வையைக் கொஞ்சம் அடக்குவதும் உண்டு, ஆனால் மறைப்பின் பங்கு பெரியது. மறைப்பை ஒரு குறைபாடாக நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு நொடியும் உலகம் மூன்று முறை வழுக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு, மறைப்புப் படத்துக்கு முன்னால் வந்ததை அடையாளம் காண மற்றவர்களைவிட நீண்ட இடைவெளி தேவைப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கும் முடிவு. நோயற்றவர்களுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. பயந்த முகத்தை 33 மில்லிசெகண்ட் காட்டி மறைத்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துப் பல ஆய்வுகள் நடந்தன. 2005-ல் லூயிஸ் பெசோவா குழு ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது நம்பகமாகத் தெரிந்தது. "இத்தனை மில்லிசெகண்ட் காட்டினோம், ஆகவே பிரக்ஞைக்கு வரவில்லை" என்று எங்காவது படித்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை. எவ்வளவு நேரம் காட்டினார்கள் என்பதைவிட, பின்னால் என்ன வந்தது, யார் பார்த்தார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

அதே காரணத்தால்தான் எம்.ஐ.டி.யில் மேரி பாட்டர் குழு 2014-ல் வெளியிட்ட முடிவை நான் தயக்கத்தோடு படித்தேன். படங்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் 13 மில்லிசெகண்ட் மட்டும் ஓடவிட்டாலும், கேட்ட படம் அதில் இருந்ததா என்று ஓரளவு சரியாகச் சொல்ல முடிகிறது என்றார்கள். அப்படியானால் திரும்பி வரும் செய்திக்கு நேரமே இல்லையே, முதல் ஓட்டமே போதுமா? 2016-ல் வந்த ஒரு மறுப்பு, ஒரு படத்தை அடுத்த படம் நன்றாக மறைக்கிறதா என்பதே கேள்வி என்றது. மறைக்கும் திறன் கூடிய படங்களை நடுவில் சேர்த்தபோது, 27 மில்லிசெகண்டிலும் பங்கேற்றவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுப்பின் பக்கம்தான் எனக்கு நம்பிக்கை.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சாதாரண திரை நொடிக்கு 60 முறை மாறும், அதாவது ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். ஆகவே மில்லிசெகண்டில் யோசிக்காமல் ஃபிரேமில் யோசியுங்கள். வட்டம் இரண்டு ஃபிரேம், வெற்றுத் திரை இரண்டு ஃபிரேம், வளையம் ஆறு ஃபிரேம் என்று தொடங்கிப் பார்க்கலாம். வெற்றுத் திரையின் ஃபிரேம்களைப் பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டு வரை ஏற்றிப் பாருங்கள், வட்டம் தொலைந்து திரும்பி வரும் இடம் உங்களுக்கென்று தனியாக இருக்கும். நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறியை வைத்து, கண்ணை அதிலேயே நிறுத்தி, வட்டத்தைச் சற்றுப் பக்கவாட்டில் காட்டினால் மறைப்பு நன்றாகப் பலிக்கும். வளையத்தின் உள்விளிம்புக்கும் வட்டத்துக்கும் நடுவே இடைவெளி கூடினால் மறைப்பு பலவீனமாகிவிடும், அதனால் இரண்டையும் ஒட்டியே வையுங்கள். ஒவ்வொரு முறை காட்டிய பிறகும் ஓரிரு நொடி இடைவெளி விடுங்கள். விட்டுவிட்டு மின்னும் ஒளி வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆகாது, ஆகவே வேகமாகத் தொடர்ந்து மின்ன விடாதீர்கள், அந்த நோய் உள்ளவர்களை உட்கார வைக்கவும் வேண்டாம். பார்ப்பவரிடம் "தெரிந்ததா" என்று மட்டும் கேட்காமல், சில முறை வட்டமே இல்லாமல் வளையத்தை மட்டும் காட்டி, வட்டம் இருந்ததா இல்லையா என்று கட்டாயம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்று சாதிப்பவர் எத்தனை முறை சரியாக ஊகிக்கிறார் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.